மேம்பாலத்துக்குப் பணம் வரும் வழி: வட சென்னை வணிகர்களுக்கு ஒரு பாடம்



"கேட் எப்போது திறக்கும்?" என்று கேட்காத வணிகர் ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒருவரும் இருக்க முடியாது. "மேம்பாலம் எப்போது வரும்?" என்பது அதை அடுத்து வரும் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு நாம் வழக்கமாகக் கேட்கும் பதில், "நிதி வரவில்லை" என்பதுதான். அந்தப் பதில் பாதிதான் உண்மை. பணம் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் தன் பங்கு, நிலம், காகிதம் ஆகிய மூன்றையும் தயாராக வைத்திருக்கும் ஊருக்கே அது வந்து சேர்கிறது. அந்தக் காகிதம் எழுதப்படும்போதே வணிகரின் குரலும் அதில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பாலம் வந்தாலும் நம் கடைக்கு மேலாகப் போய்விடும். இந்த இரண்டு செய்திகளையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நம் பகுதியின் அமைப்பு

நம் பகுதிக்குக் கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதை. இடையில் இருக்கும் நீண்ட நிலப்பட்டையில்தான் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களின் கடைவீதிகள் இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. விஜயவாடா செல்லும் வடக்குப் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. ஊர் வளர்வதற்கு முன்பே தண்டவாளம் வந்துவிட்டது. அதன் இரு பக்கமும் ஊர் பிறகு வளர்ந்தது.

அடுத்துத் தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் 1948-இல் மோட்டார் ஆலை, 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதைத் தொடர்ந்து உரம், ரசாயனம், அனல் மின்சாரம் என்று பட்டியல் நீண்டது. 1881-இல் உருவான சென்னைத் துறைமுகத்தோடு 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் சேர்ந்தது. அது 2014-இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்டது. காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் இயங்குகிறது. ஆக, ஒரே பட்டையில் மூன்று துறைமுகங்களின் சரக்கு ஓடுகிறது.

செங்குன்றத்து ஆலைகளிலிருந்து வரும் அரிசி மூட்டையும், கோயம்பேட்டிலிருந்து வரும் காய்கறியும், மாதவரம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து வரும் மளிகைச் சரக்கும் எந்த வழியாக வந்தாலும் ஓரிடத்தில் தண்டவாளத்தைக் கடந்தே தீர வேண்டும். கடக்க மூன்று வழிகள்தான் உண்டு: மேம்பாலம், சுரங்கப்பாதை, லெவல் கிராசிங் எனப்படும் கேட். மேம்பாலம் சுற்று வழி, சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர், கேட்டில் காத்திருப்பு. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளும் இருப்பதால், பயணிகள் ரயில் போய்விட்டது என்பதற்காகக் கேட் திறந்துவிடும் என்று நம்ப முடியாது.

2. காத்திருப்பு நம் கணக்கில் எங்கே இருக்கிறது?

கேட்டில் நிற்கும் நேரத்துக்கு எந்தக் கடையின் பேரேட்டிலும் தனிப் பக்கம் இல்லை. வண்டி வாடகையிலும், சுமை கூலியிலும், அழுகிய தக்காளியிலும், "நேற்று சரக்கு இல்லை" என்று திரும்பிப் போன வாடிக்கையாளரிடத்திலும் அது மறைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுத்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு போடுவோம். இதில் உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்; ஒவ்வொருவரும் தம் எண்களை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு மளிகைக் கடையின் மினி லாரி நாளொன்றுக்கு இரண்டு முறை கேட்டைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் நிற்கிறது என்றால் நாளுக்கு 40 நிமிடம். மாதம் 25 நாளுக்கு 1,000 நிமிடம். இது 16 மணி 40 நிமிடம், அதாவது எட்டு மணி நேர வேலையில் முழுதாக இரண்டு நாளுக்கும் மேல். வண்டி வாடகை, ஓட்டுநர் சம்பளம், இரண்டு சுமையாட்களின் கூலி எல்லாம் சேர்ந்து நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால், மாதம் 6,000 ரூபாய். வருடத்துக்கு 72,000 ரூபாய் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றே செலவாகிறது. டீசலும், கெட்டுப் போகும் சரக்கும் இதில் சேரவில்லை.

சிறு கடைக்கு இது ஒரு பையனின் சில மாதச் சம்பளம். ஒரு தெருவில் ஐம்பது கடைகள் இருந்தால் என்ன தொகை வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். "மிகவும் சிரமமாக உள்ளது" என்று எழுதிய மனு கோப்பில் தூங்கும். "இத்தனை கடை, இத்தனை வண்டி, இத்தனை மணி நேரம்" என்று எழுதிய மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.

3. மானியம், கடன், பங்கு: வேறுபாடு அறிக

அரசு அறிவிப்புகளில் "இத்தனை கோடி நிதி" என்று பார்த்தவுடன் மகிழ்ந்து விடுகிறோம். அந்த நிதி எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும்.

மானியம் என்பது திருப்பித் தர வேண்டாத பணம். ஆனால் எதற்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே செலவிடலாம். பதினைந்தாவது நிதிக் குழு 2021-26 காலத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியம், காற்று மாசைக் குறைக்கவும் குடிநீர், துப்புரவு வேலைகளுக்கும் உரியது. அதை எடுத்து ரயில் மேம்பாலம் கட்டு என்று மாநகராட்சியைக் கேட்பதில் பயனில்லை.

கடன் என்பது திருப்பித் தர வேண்டிய பணம். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டர் நீளும் சென்னை எல்லைச் சாலையின் வடக்குப் பகுதிக்கு ஜப்பான் நாட்டு வளர்ச்சி நிறுவனம் தந்தது கடனே. மத்திய அரசு 2020-21 முதல் மாநிலங்களின் மூலதனச் செலவுக்குத் தரும் சிறப்பு உதவியும் வட்டியில்லாத ஐம்பதாண்டுக் கடன்தான்.

பங்கு என்பது இரண்டு மூன்று அமைப்புகள் கூட்டாகப் போடும் பணம். கேட்டுகளுக்குப் பதிலாகக் கட்டும் மேம்பாலங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. பரபரப்பான கேட்டை மூடிப் பாலம் கட்டினால் ரயில்வே பாதி, மாநில அரசோ உள்ளாட்சியோ பாதி என்பது நெடுநாள் வழக்கம். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்கத்துச் சரிவுப் பாதையை நெடுஞ்சாலைத்துறையோ மாநகராட்சியோ கட்டும். ஒருவர் பாதியை முடித்துவிட்டு மற்றவர் பாதிக்காகக் காத்திருப்பதால்தான் தமிழகத்தின் பல ஊர்களில் நடுப்பாலம் மட்டும் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கிறோம். கேட்டே இல்லாத இடத்தில் புதிய வழி கேட்டால் நிலைமை வேறு. அங்கே பொதுவாகக் கேட்கிற அமைப்பே முழுச் செலவையும் ரயில்வேயிடம் கட்ட வேண்டும்.

பெட்ரோல், டீசல் மீதான தீர்வையிலிருந்து சேரும் மத்திய சாலை நிதி இன்னொரு வழி. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிதியில் ஒரு பகுதியை ரயில்வே மேம்பாலம், கீழ்ப்பாலம், கேட் பாதுகாப்பு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கியது. 2018-இல் இதன் பெயர் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று மாறியது. நம் லாரிக்கு டீசல் போடும்போதெல்லாம் நாமும் இந்த நிதிக்குச் செலுத்துகிறோம். ஆகவே பாலம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

2016 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய சேது பாரதம் திட்டத்தில் 20,800 கோடி ரூபாய் மதிப்பில் 208 ரயில் மேம்பாலங்கள், கீழ்ப்பாலங்கள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அவை தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள கேட்டுகளுக்கு மட்டும். மாநகராட்சிச் சாலையிலுள்ள கேட் எத்தனை நெரிசலானாலும் அந்தப் பட்டியலில் சேராது. எனவே, நிதி கேட்பதற்கு முன் நம் கேட்டை ஒட்டிய சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத்துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதா என்று கேட்டறிவதே முதல் வேலை. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது பல சாலைகளின் கோப்புகளும் இடம் மாறின என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

4. டி.வி.யு. கணக்கு

எந்தக் கேட்டுக்குப் பாலம் தேவை என்பதை ரயில்வே ஓர் எண்ணால் அளக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் கடக்கும் சாலை வண்டிகளின் அலகு எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது டி.வி.யு. எனப்படும் ரயில்-வாகன அலகு. நாளுக்கு 100 ரயில், 1,000 வண்டி அலகு என்றால் பெருக்குத்தொகை ஒரு லட்சம். இந்த ஒரு லட்சத்தைத் தாண்டினால் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டத் தகுதி என்பது ரயில்வே நெடுங்காலமாகப் பின்பற்றிய அளவுகோல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எல்லா வண்டியும் ஒரே அலகு அன்று. ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் லாரியைப் போல முழு அலகாகக் கணக்கில் ஏறுவதில்லை. நடந்து கடக்கும் வாடிக்கையாளர் கணக்கிலேயே இல்லை. மீன்பாடி வண்டியும் இரு சக்கர வாகனமும் நிறைந்த நம் தெருக்களின் நெருக்கடி காகிதத்தில் குறைவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, கேட் நெடுநேரம் மூடியே கிடந்தால் லாரிகள் வேறு வழி தேடிப் போய்விடும். எண்ணுகிற நாளில் வண்டிகள் குறைவாக இருந்தால் தேவையும் குறைவு என்று முடிவு எழுதப்படும். ஆகவே கேட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் வண்டிகளின் விவரத்தையும் சங்கம் தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

5. எண்ணூர்–மணலி சாலை தரும் பாடம்

நம் கண் முன்னே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். துறைமுகச் சரக்குப் போக்குவரத்துக்காக எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் 1998-இல் திட்டமிடப்பட்டது. எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகியவற்றைச் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழக அரசு ஆகிய நான்கும் பங்கு போட்டு இதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தன. தொடக்கத்தில் 150 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட திட்டம், 2011-இல் வேலை தொடங்கியபோது 600 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்திருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் ஏன் போயின? பணம் போட நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் விரைவுச் சாலையை அகலப்படுத்தக் கடலோரத்தில் வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு மாற்று வீடு வேண்டியிருந்தது. கடல் அரிப்பு ஒரு பக்கம். நிலம், ஆக்கிரமிப்பு, மின்கம்பம், குடிநீர்க் குழாய் மறு பக்கம். தடை வரும்போதெல்லாம் மதிப்பீடு பழையதாகியது; புதிய மதிப்பீட்டுக்கு நான்கு அமைப்புகளும் மறுபடி ஒப்புதல் தர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் துறைமுக வாயிலிலிருந்து பல கிலோமீட்டருக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. வழி மறைந்ததால் வியாபாரம் இழந்த சாலையோரக் கடைகளின் கணக்கு அந்த 600 கோடியில் எங்கும் இல்லை.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கிலோமீட்டர், 1,655 கோடி ரூபாய். கூவம் ஆற்றில் தூண்கள் அமைவது குறித்து எழுந்த ஆட்சேபத்தால் 2012-இல் வேலை நின்றது. 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி மறுபடி அடிக்கல் நாட்டியபோது அது இரண்டடுக்குச் சாலையாகவும், மதிப்பு 5,850 கோடிக்கு மேலாகவும் மாறியிருந்தது. இரண்டு அடிக்கல்லுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். இரண்டு திட்டத்திலும் தாமதத்தின் வேர் நிலத்திலும் ஒப்புதலிலும் இருந்தது. தாமதம் பிறகு செலவைப் பெருக்கியது.

6. மலிவாகக் கட்டினால் இரட்டைச் செலவு

மேம்பாலத்துக்குப் பணம் போதவில்லை என்றால் சுரங்கப்பாதை என்று சொல்லப்படும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நாம் அறிவோம். பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும், வழி அடைபடும். பிறகு அதே இடத்தில் ஏறத்தாழ 142 கோடி ரூபாயில் மேம்பாலம் கட்ட மாநகராட்சி திட்டமிட வேண்டி வந்தது. கடல் மட்டத்தை ஒட்டிய நம் தாழ்ந்த பகுதியில் சுரங்கப்பாதை ஏற்கும்போது, நீர் இறைக்கும் மோட்டார், அதற்கான மாற்று மின்சாரம், தண்ணீர் போய்ச் சேரும் கால்வாய் ஆகிய மூன்றும் மதிப்பீட்டிலேயே இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் பல துறைகளின் பணிகளைச் சேர்த்து 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. இதுபோன்ற வாய்ப்பு வரும்போது கைவசம் தயாரான வரைபடமும் கணக்கும் உள்ள பகுதியே முந்திக்கொள்ளும்.

7. வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் என்ற இரு துறைமுகங்களுக்கும் நம் நிலைமைதான் இருந்தது. சரக்கு ரயில்கள் நகரத்தின் நடுவே நூற்றுக்கணக்கான கேட்டுகளைக் கடந்து போயின. 2002 ஏப்ரலில் அலமேடா பாதை என்ற 32 கிலோமீட்டர் சரக்குப் பாதை திறக்கப்பட்டது. அதன் பாதித் தூரம் தரைக்குக் கீழே ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட கேட்டுகளில் முட்டுக்கட்டை நீங்கியது. செலவு ஏறத்தாழ 240 கோடி டாலர். அதற்கு வாங்கிய கடனை அடைக்க, அந்தப் பாதையின் வருமானத்துக்குரிய ஒவ்வொரு கன்டெய்னரிலும் கட்டணம் வசூலித்தார்கள். சுமையை உண்டாக்கும் சரக்கே செலவையும் சுமக்கட்டும் என்பது அங்கே கண்ட வழி.

அதே நாட்டில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டுகளை ஒழிப்பதற்கென்றே ஐந்தாண்டுகளுக்கு 300 கோடி டாலர் மானியம் ஒதுக்கியது. ஊர்கள் போட்டியிட்டு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசு அதிகபட்சம் 80 சதவீதம் தரும். மீதி 20 சதவீதத்தை உள்ளூர் காட்டியாக வேண்டும். பணக்கார நாட்டிலும் கையில் தன் பங்கு இல்லாத ஊருக்கு மானியம் இல்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

8. பாலம் வந்தால் கடை என்ன ஆகும்?

இதுவரை பாலம் வருவதைப் பற்றிப் பேசினோம். பாலம் வந்தபின் கடை நிற்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரு கணக்கு பாருங்கள். மின்சார ரயில் கம்பிக்கு மேலே பாலம் போக வேண்டும். சாலை மட்டம் 8 மீட்டர் உயர வேண்டும் என்றும், 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏற வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் சரிவு 240 மீட்டர் நீளும். அந்த 240 மீட்டருக்கும் இரு புறமும் உள்ள கடைகளுக்கு முன்னால் சுவர் எழும். சுவருக்கும் கடைக்கும் நடுவே அணுகு சாலை எத்தனை அடி என்பதில்தான் அந்தக் கடைகளின் உயிர் இருக்கிறது. சரக்கு வண்டி நின்று மூட்டை இறக்கவும், இன்னொரு வண்டி அதைத் தாண்டிப் போகவும் இடம் இல்லையென்றால் மொத்த வியாபாரி அங்கே இருக்க முடியாது.

பாலம் திறந்ததும் பழைய கேட் நிரந்தரமாக மூடப்படும். பாதிச் செலவை ரயில்வே ஏற்பதே கேட்டை மூடலாம் என்ற சம்மதத்தின் பேரில்தான். அப்போது கேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள கடைக்கு அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் நடந்து வர வழி இருக்காது. எனவே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் சிறு சுரங்க வழியோ நடைமேம்பாலமோ அதே மதிப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். பாலம் முடிந்தபின் தனியாகக் கேட்டால் அது புதிய வேலை, புதிய நிதி, இன்னும் பத்தாண்டு.

நிலம் எடுப்பதிலும் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், நில உரிமையாளரோடு நிற்காமல், கையகப்படுத்துவதற்கு முன் மூன்றாண்டுகள் அங்கே தொழில் செய்து அதையே முக்கிய வாழ்வாதாரமாகக் கொண்டவரையும் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. சிறு வணிகருக்கு ஒரு முறை உதவித்தொகை 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் ஆகியவற்றின் கீழும் நிலம் எடுக்கப்படுகிறது. சட்டத்துக்குச் சட்டம் முறை வேறு, ஆட்சேபம் தெரிவிக்கும் நாள் வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள் மட்டும். நோட்டீஸ் வந்த அன்றே எந்தச் சட்டம் என்று பார்த்து வழக்கறிஞரைக் காண வேண்டும்.

வாடகைக் கடைக்காரரின் நிலை இன்னும் கடினம். வாய்மொழியாகப் பேசி இருபது வருடம் கடை நடத்தினாலும், காகிதம் இல்லையென்றால் நாம் அங்கே இருந்ததாகவே அதிகாரியால் எழுத முடியாது. 2019 பிப்ரவரி முதல் தமிழகத்தில் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. அதைச் சுமை என்று எண்ணாமல் நமக்கான காப்பாக எண்ண வேண்டும். சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; இடம் மாற்றும் முன் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நிலமே எடுக்காமல் இருக்கிற சாலைக்குள்ளேயே பாலம் கட்டினால், கட்டும் காலத்தில் ஏற்படும் வியாபாரக் குறைவுக்கு இழப்பீடு கேட்கப் பொதுவாக இந்தச் சட்டங்களில் வழி இல்லை. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்படும் வரை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வேலை நடந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆகவே தடுப்பு வேலி எத்தனை மாதம், சரக்கு இறக்க இரவில் எத்தனை மணி நேரம், கடை வாசலுக்குக் குறைந்தது எத்தனை அடி என்பவற்றை டெண்டர் விடும் முன்பே ஒப்பந்த நிபந்தனையாகச் சேர்க்கக் கோர வேண்டும். வேலை தொடங்கியபின் ஒப்பந்தக்காரரிடம் கெஞ்சி நிற்பதில் பயன் குறைவு.

9. சங்கங்கள் செய்ய வேண்டியவை

(அ) சாலை யாருடையது, கேட்டின் எண் என்ன, கடைசியாக எப்போது வண்டிகள் எண்ணப்பட்டன, டி.வி.யு. எவ்வளவு என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். ரயில்வேக்கு ஒரு மனு, சாலைக்குரிய துறைக்கு ஒரு மனு.

(ஆ) உறுப்பினர்கள் முறை வைத்து ஏழு நாள் கேட்டைக் கவனியுங்கள். மூடிய நேரம், திறந்த நேரம், நின்ற வண்டி வகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். திங்கள்கிழமையும் மாதத் தொடக்கமும் பண்டிகைக்கு முந்தைய வாரமும் விடுபடக் கூடாது.

(இ) ரயில்வேயின் ஆண்டுப் பணிகள் பட்டியலான பிங்க் புத்தகத்தில் நம் பணி இருக்கிறதா, இருந்தால் தொகை எவ்வளவு என்று பாருங்கள். பெயர் மட்டும் இருந்து ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய பணிகளும் அதில் உண்டு. பெயர் இருப்பதால் வேலை தொடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம்.

(ஈ) பொது அமைப்பு வரைபடம் ரயில்வேயின் ஒப்புதலுக்குப் போகும் முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். அணுகு சாலையின் அகலம், நடைபாதை வழி, மழைநீர் வடிகால் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

(உ) ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோப்பு: வாடகை ஒப்பந்தம், மாநகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, மூன்றாண்டு மின் கட்டண ரசீது, கடையின் முகப்புப் புகைப்படம். நகல் ஒன்று சங்கத்தில் இருக்கட்டும்.

(ஊ) தனித்தனியாகப் போகாதீர்கள். மீனவர் அமைப்பு, லாரி உரிமையாளர், பள்ளி நிர்வாகம், குடியிருப்போர் சங்கம் ஆகியோரும் அதே கேட்டில் நிற்பவர்கள்தாம். வணிகர் மட்டும் கேட்டால் வியாபாரிகளின் கோரிக்கை என்று ஒதுக்கலாம்; எல்லாரும் சேர்ந்து கேட்டால் அது ஊரின் கோரிக்கை.

10. அடுத்த கூட்டத்தில் கலந்து பேச

1. நம் தெருவுக்குச் சரக்கு வரும் வண்டிகள் எந்தக் கேட்டை, நாளுக்கு எத்தனை முறை கடக்கின்றன?

2. காத்திருப்பினால் நம் கடைக்கு மாதம் எவ்வளவு செலவு? ஒவ்வோர் உறுப்பினரும் தம் எண்ணைக் கொண்டு வரவும்.

3. நம் கேட்டுக்கு மேம்பாலம் ஏற்றதா, சுரங்கப்பாதை ஏற்றதா? எந்தெந்தக் கடைகள் சரிவுச் சுவருக்குப் பின்னால் போகும்? அவர்களுக்காக மற்றவர்கள் என்ன கேட்பார்கள்?

4. எழுத்து ஒப்பந்தம் இல்லாத உறுப்பினர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்வியைத் தள்ளிப் போட வேண்டாம். பாலத்தால் நூறு கடைக்கு நன்மை, இருபது கடைக்கு நட்டம் என்றால், அந்த இருபது பேருக்காக நூறு பேர் பேசுவதற்குத்தான் சங்கம் இருக்கிறது. அவர்கள் தனியே நீதிமன்றம் போய்த் தடை வாங்கினால் நூறு பேரும் இன்னும் பத்தாண்டு கேட்டில் நிற்க நேரும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கோப்பும் அப்படித்தான். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்டின் அருகே நிற்பதிலிருந்து தொடங்குவோம்.